கோச்சியும் நம்ம டிக்கட்டும்



காலையில் கண்டிக்குப் போகிற கோச்சி ஒன்றும் நம்ம தரிப்பிடத்தில் நிற்க வேண்டும் என்று கேட்க, நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். அங்கிருந்த பெரியவர் உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார். பிறகு பின்னேரக் கோச்சிக்கு டிக்கட் விற்ற புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, "உங்கட ஆட்கள் எங்கே?" என்றார். எங்களுக்கு வாய் அடைத்துப் போனது. பெட்டி நிறைய நம்ம சனம் போவதைக் கண்ணால் காண்கிறோம். புத்தகத்தில் விரல் விட்டு எண்ணலாம். ரெண்டு ஸ்டேசன்தானே என்று சும்மா ஏறிவிடுகிறோம், அதுதான்.

டீசல், டிரைவர், கார்ட் செலவு, பெட்டி நிரம்பினாலும் காலியாகப் போனாலும் ஏறக்குறைய ஒன்றே. தேயிலையை ஸ்டோரில் வைத்துப் பிறகு விற்கலாம். இன்றைய காலி ஆசனத்தை நாளைக்கு விற்க முடியுமா?

முந்தி சரக்குக் கூலி கைகொடுத்தது. 1867 இல் கண்டிக்குப் பாதை போட்டது நம்மை ஏற்றவா? கோப்பி மூட்டையை இறக்கத்தான். நம்ம மூப்பன்மார் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். 1880 இல் மாத்தளைக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் பாதை போனது. பிறகு தேயிலைப் பெட்டி ஏறியது. இப்போது தேயிலை லொறியில் போகிறது. மிச்சம் ஆட்கள்தான்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு சின்னக் கோச்சி ஓடியது, 1904 முதல். பஸ்ஸும் லொறியும் வந்ததும் வருமானம் போதாமல் 1940களில் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தையும் கழற்றியாயிற்று.

"இலாபம் வந்தால்தான் ஓட்டணுமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். நியாயமான கேள்வி. ரோட்டுப் போட அரசாங்கம் இலாபம் பார்ப்பதில்லையே. 2022 இல் கட்டணம் ஏற்றிய பிறகும் புகையிரதத் திணைக்களத்துக்கு நஷ்டம்தான். சனம் பாவிக்கிறது என்றுதான் அதைத் தாங்குகிறார்கள். பாவிக்கிறோம் என்பதற்கு நம்மிடம் உள்ள சாட்சி டிக்கட். 2025 நவம்பரில் டித்வா புயலில் மலைநாட்டுப் பாதை உடைந்து கோச்சி நின்றபோது, பஸ்ஸுக்கு எண்ணிக் கொடுத்த காசு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

திரும்பவும் போய்க் கேட்கத்தான் போகிறோம். சீசன் டிக்கட் எடுத்தவர்கள், பள்ளிப் பிள்ளைகளும் சேர்த்து, பிள்ளைக் காம்பராவில் இருக்கிற கொப்பியில் பெயரை எழுதி வையுங்கள். டிக்கட் எடுக்காதவர்கள் எழுத வேண்டாம்.