முதல் நாளிலேயே தொடங்குங்கள்

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, செவிலியர்களே!

என் பணிக்காலத்தின் முற்பகுதி நெஞ்சக நோய்ப் பிரிவில் கழிந்தது. பிற்பகுதி முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளோடு கழிந்தது. அந்த அனுபவம் எனக்குள் உறுதிப்படுத்திய ஒன்றை உங்களிடம் ஒப்படைக்கவே வந்திருக்கிறேன். வலியையும் மூச்சுத்திணறலையும் அச்சத்தையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சையை நோய் கண்டறிந்த அன்றே தொடங்க வேண்டும். மற்ற வழிகளெல்லாம் அடைபட்ட பிறகு நோயாளியை அங்கே அனுப்பும் வழக்கம் உங்கள் தலைமுறையோடு ஒழிய வேண்டும்.

2022இல் உலகெங்கும் சுமார் 25 லட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 18 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களை எடுப்பதில்லை. நம் நாட்டில் இருமலோடு வருபவருக்குக் காசநோய் என்று கருதி மாத்திரை கொடுப்பதிலேயே சில மாதங்கள் போய்விடுவதுண்டு. உண்மை தெரியவரும்போது பெரும்பாலோருக்கு நோய் பரவி முடிந்திருக்கும்.

பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ஜெனிஃபர் டெமலும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை. மறு சாராருக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சை. இரண்டாம் பிரிவினர் நன்றாக வாழ்ந்தார்கள். முதல் பிரிவில் 38 விழுக்காட்டினரிடம் காணப்பட்ட மனச்சோர்வு இவர்களில் 16 விழுக்காட்டினரிடமே இருந்தது. கடைசி நாட்களில் இவர்களுக்குக் கடுமையான சிகிச்சைகள் குறைவாகவே தரப்பட்டன. அப்படியிருந்தும் ஆயுளின் இடைநிலை அளவு 8.9 மாதத்திலிருந்து 11.6 மாதமாகக் கூடியிருந்தது. பின்னால் நடந்த எல்லா ஆய்வுகளிலும் ஆயுள் கூடியதாகச் சொல்ல முடியாது. ஆனால் வாழும் நாட்கள் நல்லபடியாக இருந்தன என்பது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. எனக்கு அதுவே போதும்.

ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். தென்மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரலில் தோன்றிய புற்று முதுகெலும்புக்கும் போயிருந்தது. எங்கள் குழுவின் செவிலியரோடு அவர் வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எதிரே தையல் மெஷின், அதன் பலகையில் ஒரு தலையணை, தலையணை மேல் அவருடைய இரண்டு கைகள். படுத்துத் தூங்கி வெகுநாளாகியிருந்தது. பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் சிலிண்டர். அந்த வாடகைக்காக மருமகளின் வளையல் அடகுக்கடைக்குப் போயிருந்தது. குளிர்காற்று ஆகாதென்று ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். மகன் என்னை வாசலிலேயே நிறுத்தி, “அப்பாவுக்கு இன்ன வியாதின்னு தெரியாது சார். நெஞ்சுச்சளின்னுதான் சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க” என்றார்.

சிலிண்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அப்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95 இருந்தது. குறையாத ஆக்சிஜனை மேலும் ஏற்றுவதால் திணறல் தணிவதில்லை. சாதாரணக் காற்றே அதே அளவு பலன் தரும் என்று 2010இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. செவிலியர் ஜன்னலைத் திறந்தார். கைக்கு அடக்கமான ஒரு மின்விசிறியை எடுத்து, காற்று கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் படும்படி பிடித்தார். அங்குள்ள நரம்பு குளிர்ச்சியை உணரும்போது மூச்சுமுட்டும் உணர்வு மட்டுப்படுகிறது. பிறகு குறைந்த அளவு மார்ஃபின், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து. முதுகுவலிக்கு ஒரே தவணைக் கதிர்வீச்சுக்கு ஏற்பாடு செய்தோம்.

இவ்வளவும் முடிந்த பின் அந்தச் செவிலியர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். “ராத்திரியில எதை நினைச்சுப் பயப்படுறீங்க அய்யா?” என்று கேட்டார். “கண்ணசந்தா மூச்சு நின்னுடும்னு பயம்மா. அதான் உக்காந்தே இருக்கேன்” என்றவர், கொஞ்சம் பொறுத்து மகன் பக்கம் திரும்பினார். “சளி இல்லைன்னு எனக்குத் தெரியும்டா. ஆஸ்பத்திரி வாசல்ல இருக்குற போர்டை எனக்குப் படிக்கத் தெரியாதா? நீ அழுவியேன்னுதான் கேக்கல.”

அன்றைக்கு அப்பாவும் மகனும் ஒன்றாக அழுதார்கள். அடுத்த வாரம் அவர் சாய்ந்து படுத்துத் தூங்கினார். வீட்டுப் பட்டாவை மனைவி பெயருக்கு மாற்றினார். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை மகனிடம் வரிசையாகச் சொல்லி எழுதவைத்தார். குலதெய்வம் கோவிலுக்குப் போய்வந்தார். அதற்குப் பிறகு, தன் வீட்டில், தன் மனிதர்கள் நடுவில் இறந்தார். நோய் தெரிந்த அன்றே எங்களைப் போன்ற ஒரு குழு அவரைப் பார்த்திருந்தால், உட்கார்ந்தே விடிந்த அத்தனை இரவுகளும் அவருக்கு மிச்சமாகியிருக்கும். மருமகளின் வளையலும் கையில் இருந்திருக்கும்.

நான் மாணவனாக இருந்தபோது நெஞ்சைத் தட்டிப் பார்த்து, நீர் எந்த விலா எலும்பு வரை தேங்கியிருக்கிறது என்று சொல்லக் கற்றோம். ஊசி செலுத்தி அந்த நீரை எடுக்கக் கற்றோம். வலியில் முனகுபவருக்கு எந்த அளவில் மருந்து கொடுப்பது, அவரிடம் என்ன பேசுவது என்பதற்கு ஒரு வகுப்புகூட இருந்ததில்லை. எங்கள் வார்டில் ஓர் ஆயா இருந்தார். விடுதி நண்பர்களோடு இரவுக்காட்சி பார்த்துவிட்டு வார்டு வழியாகத் திரும்பும்போது, மூச்சுத் திணறும் நோயாளிகளின் தலைமாட்டில் பனையோலை விசிறியோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். “காத்து மூஞ்சில பட்டா கொஞ்சம் ஆத்தலா இருக்கும் தம்பி” என்பார். அவர் செய்தது சரிதான் என்று ஆய்வுகள் சொல்லப் பல பத்தாண்டுகள் ஆயின. உங்களோடு பணிபுரியும் யாருடைய அனுபவத்தையும் சிறிதென்று எண்ணாதீர்கள்.

அடுத்தது, அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு அனுமதியோடு அபினிச் செடி பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. உலகத்துக்கே அபினி விற்கும் நாடு நம்முடையது. இருந்தும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்துக்குப் பிறகு, 1997க்குள் இந்தியாவில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்தது. பல உரிமங்கள், கடுந்தண்டனை பற்றிய அச்சம், இவற்றால் மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றோரின் நெடிய போராட்டத்தால் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது; அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் இன்று எளிய நடைமுறையில் அதை வாங்கி வைக்கலாம். சட்டம் இளகிவிட்டது, நம் மருத்துவர்களின் தயக்கம்தான் இளகவில்லை. ‘அடிமையாகிவிடுவார்’, ‘சாவு சீக்கிரம் வந்துவிடும்’ என்ற பேச்சுகளை நீங்களும் கேட்பீர்கள். சரியான அளவில் தொடங்கி, கவனித்துப் படிப்படியாகக் கூட்டினால் இரண்டும் வீண்பயம்.

ஆதரவு சிகிச்சை தேவைப்படுவோரில் உலக அளவில் சுமார் 14 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வழியில்லாமல் இல்லை. 1993இல் கோழிக்கோட்டில் சிறியதாகத் தொடங்கிய முயற்சியை ஊர்மக்களே தாங்கி வளர்த்தார்கள். 2008இல் கேரளம் இதற்கென அரசுக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் ஆதரவு சிகிச்சையும் இடம்பெற்றிருக்கிறது. அந்தத் திட்டத்தின் வண்டியில் ஏறிப் போகப்போகிறவர்கள் நீங்கள்தான்.

செவிலியர்களே, நோயாளி முதலில் மனம் திறப்பது உங்களிடம். அவர் சொன்னதை மருத்துவர் காதில் விழும்வரை சொல்லுங்கள். மருத்துவர்களே, பணியில் சேரும் முதல் வாரமே உங்கள் மருத்துவமனை மருந்தகத்துக்குப் போய் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அன்றே தலைமை மருத்துவருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்ற அறிக்கை உங்கள் கைக்கு வரும் நாளில், கீமோதெரபிக்குச் சீட்டு எழுதும் அதே பேனாவால் ஆதரவு சிகிச்சைக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். உங்கள் பட்டத்துக்கு அதைவிட நல்ல பயன் இருக்க முடியாது.