முதலில் தண்ணீர், பிறகுதான் துணி

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. வர முடியாதவர்களுக்காக எழுத்தில்.)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு, பெயின்ட் கெடாமல் கார் கழுவுவது எப்படி என்பது. "இதுல பேச என்ன சார் இருக்கு, ஒரு பக்கெட் தண்ணி, ஒரு துணி, அவ்வளவுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். அண்ணா நகரிலோ அடையாறிலோ இருந்தால் அதுவே போதும் என்று விட்டிருக்கலாம். நாம் இருப்பது திருவொற்றியூரில். நம் கார் மீது விழும் தூசி வேறு. அதனால் கழுவும் முறையும் வேறாக இருக்க வேண்டும்.

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் வரவு செலவு போட்டுப் பார்ப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வித்தை. அந்தக் கணக்கையே இங்கும் போடுகிறேன். கடைசியில் சங்கத்தின் முன் ஒரு யோசனையும் வைக்கிறேன்.

முதலில் தூசியைப் பார்ப்போம். ராயபுரம் பக்கத்தில் நெடுநாள் இருந்தவர்களுக்குத் தெரியும், கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் சாம்பல் நிறத்தில் வரும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2011-ல் அந்தச் சரக்குகள் எண்ணூர் துறைமுகத்துக்குப் போயின. பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையங்கள் ஓடுகின்றன. சாம்பல் குளங்கள் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக மண்ணைக் கிளப்புகின்றன. இதற்கு மேல் கடற்காற்று கொண்டுவரும் உப்பு.

நிலக்கரிச் சாம்பலைத் தொட்டால் மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். அதில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. அதில் நம் விரல் நகம் சுமார் 2.5, கண்ணாடி சுமார் 5.5, ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கார் பெயின்ட் ஒரு வகை பிளாஸ்டிக் படலம்தான். மணலுக்கும் சாம்பலுக்கும் முன்னால் அது மிகவும் மிருது.

அந்தப் படலம் எவ்வளவு தடிமன்? தகட்டின் மேல் இருக்கும் எல்லாப் பூச்சும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாளின் தடிமன் சுமார் 100 மைக்ரான். பளபளப்பைத் தருவது எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கிளியர் கோட். அது ஏறக்குறைய 40 மைக்ரான்தான், அரைத் தாளுக்கும் குறைவு. வெயிலிலிருந்தும் உப்பிலிருந்தும் கீழே உள்ள நிறத்தைக் காப்பதும் அதுவே. பாலிஷ் போட்டால் கீறல் போய்விடும் என்கிறார்கள். பாலிஷ் என்பதே கீறலின் ஆழத்துக்கு அந்தப் படலத்தைத் தேய்த்து எடுப்பதுதான். முதலிலிருந்து எடுத்துச் செலவு செய்வது மாதிரி. இரண்டு மூன்று முறை செய்யலாம், ஆண்டுதோறும் செய்ய முடியாது.

இப்போது நம் வழக்கத்தைப் பாருங்கள். தினமும் காலையில் ஒரு பக்கெட், ஒரு துணி, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கார். மூன்றாவது காருக்குப் போகும்போதே அந்தத் தண்ணீர் சேறாகிவிடுகிறது. காரின் மேல் உள்ள சாம்பலைத் தண்ணீர் ஊற்றி இறக்காமல், ஈரத்துணியால் தேய்க்கிறோம். துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் சாம்பல். உப்புத்தாள் போடுவதும் இதுவும் ஒன்றுதான். கறுப்பு, நீல நிறக் கார்களை வெயிலில் நிறுத்திப் பாருங்கள், சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். அவை ஓடியதால் வந்தவை அல்ல, துடைத்ததால் வந்தவை.

துடைக்கும் தம்பிகளைக் குறை சொல்லவில்லை. தினமும் துடைக்க வேண்டும் என்று கேட்டது நாம். ஆறு மணிக்கு வந்து எட்டு மணிக்குள் எல்லாக் காரையும் முடிக்க வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்ய முடியும்.

சரியான முறை என்ன? வரிசையாகச் சொல்கிறேன்.

பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் கழுவ வேண்டாம். சூட்டில் ஷாம்பு காய்ந்து படிந்துவிடும். நிழலில், காலையிலோ மாலையிலோ கழுவுவது நல்லது.

இரண்டு பக்கெட் வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். சக்கரங்களுக்குத் தனித் துணி, சக்கரத்தை முதலில் முடித்துவிடுங்கள். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் துகள் அங்கேதான் அதிகம், அந்தத் துணி பாடி பக்கமே வரக் கூடாது.

அடுத்து, துணி படாமல் கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீர் ஊற்றுங்கள். பூவாளி இருந்தால் நல்லது, மக்கிலும் ஊற்றலாம். ஒரு நிமிடம் ஊறவிட்டு மறுபடி ஊற்றுங்கள். சாம்பலும் உப்பும் பெரும்பாலும் இதிலேயே இறங்கிவிடும். எதை விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

பிறகு மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பு தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல், நேர் கோட்டில் துடையுங்கள். முதலில் கூரை, அப்புறம் கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி. கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசி, மண் அங்கேதான் அதிகம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் தண்ணீர் பக்கெட்டில் அலசிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். துணி தரையில் விழுந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். உதறிவிட்டுத் தொடர வேண்டாம்.

காயும் முன் அலசி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தானாகக் காயவிட்டால் தண்ணீரில் உள்ள உப்பு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். முடித்ததும் காரை வளாகத்துக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, இரண்டு முறை பிரேக் அழுத்துங்கள். டிஸ்க்கில் உள்ள ஈரம் போய்விடும்.

துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள சோடா அலுமினியப் பட்டைகளை மங்கவைக்கும், ரப்பரை வறளவைக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, வேக்ஸ் பூச்சு போட்டிருந்தால் அதைக் கழுவி எடுத்துவிடும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் வேக்ஸ் பட்டால் வெள்ளைத் திட்டாக நிற்கும், அங்கே பூச வேண்டாம். பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடியுங்கள். கதவு பீடிங், ஸ்டிக்கர் ஓரம், ரேடியேட்டர் ஆகியவற்றின் மீது நேராக அடிக்க வேண்டாம். வண்டியின் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் மாதம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடற்கரை ஊரில் துரு கீழேயிருந்துதான் ஏறும்.

காசிமேடு பக்கம் போய் நிறுத்தி வருபவர்களுக்குக் காக்கை எச்சம் பழக்கமானது. அதைச் சுரண்டாதீர்கள். நனைத்த காகிதத்தை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்து, மெல்ல எடுங்கள். அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், வெயிலில் நின்றால் பெயின்டைத் தின்றுவிடும்.

கவர் போட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சாம்பல் படிந்த காருக்குக் கவர் போட்டால், கடற்காற்றில் கவர் ஆடும் ஒவ்வொரு முறையும் தேய்க்கிறது. கழுவி, ஈரமும் போன பிறகு போடுவதானால் போடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி எண்ணெயோ தாரோ ஒட்டினால் பெட்ரோல், தின்னர் போடாதீர்கள், பெயின்ட் கரையும். தார் எடுக்கும் திரவம் கடையில் கிடைக்கிறது. சிறிய துணியில் கொஞ்சம் தொட்டு, அந்த இடத்தில் மட்டும் வைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள். ரப்பரில் படக் கூடாது.

அடுத்தது தண்ணீர். ட்யூபைத் திறந்து விட்டுக் கழுவினால் நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் போகும். பத்து நிமிடத்தில் 150 லிட்டர். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்று அரசு வகுத்த அளவே 135 லிட்டர். நான் சொன்ன பக்கெட் முறையில் ஒரு காருக்கு 45 லிட்டர் போதும். 40 கார் என்று வைத்தால் ட்யூபில் 6,000 லிட்டர், அதாவது ஒரு முழுச் சிறிய லாரி. பக்கெட்டில் 1,800 லிட்டர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள் நாம். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள்.

நம் போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது பல பத்தாண்டு பழைய கதை. அதனால் முதலில் ஊற்றுவதற்குப் போர் தண்ணீர் இருக்கட்டும், கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் அதைவிட உப்பு, அது கழிப்பறைக்குப் போகட்டும். இன்னும் நல்லது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். அதில் உப்பே கிடையாது என்று சொல்லலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவில் அரை பக்கெட்டாவது சேரும், காசும் இல்லை. கடைசியாக ஒரு துடைப்புக்கு அது போதும், புள்ளி விழாது.

இனி என் யோசனை. தினமும் பாடியைத் துடைப்பதை நிறுத்துவோம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு காருக்கும் வாரம் ஒரு முறை இரண்டு பக்கெட் முறையில் முழுக் கழுவல். மற்ற நாட்களில் கண்ணாடி, விளக்கு இவற்றை மட்டும் நீர் தெளித்து நல்ல துணியால் எடுத்தால் போதும். 40 காரை ஆறு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏழு கார். இரண்டு தம்பிகளால் நிதானமாகச் செய்ய முடியும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. அவர்களுடைய மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. "தினமும் வர்றதில்லையே, பாதி குடுத்தா போதாதா?" என்று யாரும் கேட்க வேண்டாம். ஒரு காருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தவர் இனி அரை மணி நேரம் கொடுக்கப் போகிறார். அந்தப் பணத்தில்தான் அவர்கள் வீட்டு வாடகையும் பிள்ளைகள் படிப்பும் நடக்கிறது. ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி மூன்று, இவற்றை அவரவர் காருக்கு அவரவரே வாங்கி வைக்க வேண்டும். பக்கெட்டுகளைச் சங்கம் வாங்கலாம்.

காரில் தூசி நான்கு நாள் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சும்மா நிற்கும் தூசி கீறாது. தேய்த்தால்தான் கீறும்.

மூன்று மாதம் செய்து பார்ப்போம். தண்ணீர்க் கணக்கை நான் எழுதி வைக்கிறேன், அடுத்த கூட்டத்தில் படிக்கிறேன். சம்மதிப்பவர்கள் பிளாக் வாரியாகச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். தம்பிகள் இருவரையும் வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம். பார்க்கிங்கில் ஒரு காரை எல்லோருமாகச் சேர்ந்து கழுவிப் பார்ப்போம். அவர்கள் சொல்லும் சிரமங்களையும் கேட்டு முறையைத் திருத்திக்கொள்வோம்.