கூடலூர் கிழார் கண்ட வானமும் நம் பாடவேளைகளும்



ஓர் ஆசிரியரின் நினைவைப் போற்றும் அறக்கட்டளைச் சொற்பொழிவு இது. ஆகவே வகுப்பறைக்குப் பயன்படும் ஒன்றையே பேச விரும்புகிறேன். விண்மீன் கூட்டங்களை எந்தப் பாடத்தில் நடத்துவது?

நம் பிள்ளைகளுக்குத் தங்கள் பிறந்த நட்சத்திரம் தெரியும். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பெயரோடு சேர்த்து உத்திரம், மூலம் என்று தயங்காமல் சொல்கிறார்கள். அந்த உத்திரத்தை வானத்தில் காட்டச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் விழிக்கிறது. விண்மீன் என்றால் என்ன என்பதை அறிவியல் புத்தகத்தில் படித்திருக்கிறது. வீட்டில் புழங்கும் பெயர் அதனோடு சேரவே இல்லை. இரண்டையும் சேர்த்துவைக்கும் பொறுப்பு எந்தப் பாடவேளைக்கும் தரப்படவில்லை. தமிழாசிரியர்தான் இதைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர் கையில் புறநானூற்றின் 229ஆம் பாடல் இருக்கிறது.

சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடிய இரங்கற்பாட்டு அது. பங்குனி மாதத்தின் முற்பாதியில் ஒரு நள்ளிரவு. வானிலிருந்து ஒரு மீன் தீப்பரந்து விழுகிறது. கண்டவர்கள் மன்னனுக்கு என்ன நேருமோ என்று நடுங்குகிறார்கள். ஏழாம் நாள் அவன் இறந்துபோகிறான். விழுந்த மீனைச் சொல்வதற்கு முன் புலவர் அந்த நேரத்து வானத்தை அளந்து வைக்கிறார்: ஒரு மீன் உச்சியிலிருந்து சாய்கிறது, ஒன்று எதிரே எழுகிறது, இன்னொன்று தாழ்ந்து மறைகிறது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது உடன் அச்சேறிய பழைய உரை இவற்றை அடையாளம் காட்டுகிறது. உச்சியில் உத்திரம், எழுவது மூலம், தாழ்வது மிருகசீரிடம். இன்றைய விண்மீன் படத்தில் தேடினால் உத்திரம் சிம்மத்தின் வால்நுனியிலும், மூலம் விருச்சிகத்தின் கொடுக்கிலும், மிருகசீரிடம் ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் தலையிலும் இருக்கின்றன.

புலவர் சொன்னது சரிதானா? இந்தக் கேள்வியோடு பாடல் கணக்கு வகுப்புக்குப் போக வேண்டும். வானவட்டம் 360 பாகை. நாள்மீன்கள் எனப்படும் நட்சத்திரங்கள் 27. ஒன்றுக்கு 13⅓ பாகை. அசுவினியிலிருந்து எண்ணினால் மிருகசீரிடம் 5, உத்திரம் 12, மூலம் 19. உத்திரத்துக்கு முன்னும் பின்னும் எட்டாம் மீன்கள் என்கிறார் உரையாசிரியர். கழித்துப் பார்க்கும் மாணவனுக்கோ ஏழுதான் வருகிறது. எட்டுத் தூண் நட்டால் இடைவெளி ஏழுதானே. பழைய எண்ணும் முறை தொடங்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்கிறது. ஏழை 13⅓ஆல் பெருக்கினால் 93⅓. உச்சிக்கும் அடிவானத்துக்கும் இடையே 90 பாகை. விண்மீன்கள் உண்மையில் சம இடைவெளியில் அமைந்தவை அல்ல. ஆனாலும் உத்திரத்திலிருந்து மற்ற இரண்டும் ஏறக்குறைய 90 பாகையில்தான் நிற்கின்றன. உத்திரம் உச்சியில் என்றால் மற்ற இரண்டும் அடிவானத்தை ஒட்டித்தான் இருந்தாக வேண்டும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது நிலவுக் கணக்கு. அன்று கார்த்திகை நாள், அதன் முதற்கால் என்கிறது உரை. அதாவது நிலவு மேட ராசியின் இறுதியில். பங்குனி முற்பாதியில் கதிரவன் மீன ராசியின் முற்பகுதியில். இரண்டுக்கும் நடுவே சுமார் 50 பாகை. நிலவு கதிரவனைவிட்டு நாளொன்றுக்கு 12 பாகை விலகும் என்பதை அறிவியல் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால், அது வளர்பிறையின் நாலைந்தாம் நாள் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அந்தப் பிறை இரவு பத்து மணி வாக்கில் மறைந்துவிடும். நள்ளிரவில் நிலா இல்லை. புலவரும் இருள் நிறைந்த நள்ளிரவு என்றே பாடியிருக்கிறார்! செய்யுளை மனப்பாடம் செய்து பொருள் எழுதிய பிள்ளைக்கும், இந்த இருட்டைக் கணக்குப் போட்டுக் கண்டடைந்த பிள்ளைக்கும் அந்தப் பாடல் ஒன்றாக இருக்காது.

வரலாற்று ஆசிரியருக்கு இதில் வேறு வேலை இருக்கிறது. இவ்வளவு குறிப்பு இருக்கிறதே, மன்னன் இறந்த ஆண்டைச் சொல்லிவிடலாமா? முடியாது. உத்திரம் எல்லாப் பங்குனியிலும் நள்ளிரவில் உச்சிக்கு வரும். நிலவும் அடிக்கடி கார்த்திகைக்கு வந்து சேரும். மாதத்தையும் பொழுதையும் தருகிற சான்று ஆண்டைத் தருவதில்லை. ஒரு சான்று எதுவரை பேசும், எங்கே நின்றுவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு பள்ளிப் பாடத்தில் அரிது.

விழுந்த மீன் மன்னனைக் கொன்றதா என்ற கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. விழுந்தது விண்மீன் அன்று, எரிமீன். தரைக்குச் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் எரியும் சிறு கல். புலவரின் துயரம் முழு உண்மை. வானத்துக்கும் சாவுக்கும் அவர் காலத்து மக்கள் போட்ட முடிச்சு உண்மையல்ல. இரண்டையும் ஒரே வகுப்பில் மரியாதையோடு சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு சொல்கிறது. ராசிபலன் காலைத் தொலைக்காட்சியில் தினமும் வருகிற வீட்டிலிருந்துதான் நம் பிள்ளை பள்ளிக்கு வருகிறது.

ஓவிய வகுப்பில் ஓரியனின் புள்ளிகளை மட்டும் தந்து பிள்ளைகளை விரும்பிய உருவம் வரையச் சொல்லலாம். பிறகு அதே புள்ளிகளை நூலில் மணியாகக் கோத்துத் தொங்கவிடலாம். தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டு தொலைவு. இடுப்பின் நடு விண்மீன் 1,000 ஒளியாண்டுக்கும் அப்பால். பக்கவாட்டில் நின்று பார்த்தால் வேட்டைக்காரன் சிதறிவிடுவான். புவியியலுக்கு அகத்திய மீன் போதும். சென்னையில் தெற்கே 24 பாகை உயரம் வரை ஏறும் அது, டெல்லியில் 9 பாகையைத் தாண்டாது. லண்டனில் எழுவதே இல்லை. பூமி உருண்டை என்பதற்கு வேறு படம் தேவையா?

எப்போது பார்ப்பது என்று கேட்பீர்கள். மார்ச் மூன்றாம் வாரம் நள்ளிரவில் கூடலூர் கிழாரின் வானம் இன்றும் வருகிறது. பிள்ளைகளை அந்நேரம் எழுப்ப வேண்டாம். விண்மீன்கள் நாளுக்கு 4 நிமிடம் முந்தி எழுகின்றன. 60 நாளில் 4 மணி நேரம். ஆக மே 20 வாக்கில் இரவு 8 மணிக்கே அந்த மூன்றும் தத்தம் இடத்தில் இருக்கும். மேற்கும் தென்கிழக்கும் மறைக்காத மொட்டை மாடியோ ஏரிக்கரையோ வேண்டும். கோடை விடுமுறைக்கு இதையே வீட்டுப்பாடமாகத் தாருங்கள். கண்டதைப் படமாக வரைந்து, பாகைக் கணக்கையும் பக்கத்தில் எழுதித் தமிழ் நோட்டிலேயே கொண்டுவரட்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த நோட்டைத் தமிழ், கணக்கு, அறிவியல், வரலாறு ஆசிரியர்கள் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து திருத்துங்கள்.