தாயிழந்த அணில் குட்டியை மரத்துக்குத் திருப்பும் கலை

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோட்டம், தெரு, கூரை என மனிதர் குடியிருக்கும் இடமெல்லாம் உடன் குடியிருப்பது, முதுகில் மூன்று வெண்கோடுகள் கொண்ட மூவரி அணில். தேங்காய் நாரும் பஞ்சும் கந்தல் துணியும் சேர்த்து அது கூடு கட்டும் இடம் தென்னை மட்டையின் இடுக்காகவோ ஓட்டுக் கூரையின் மூலையாகவோ இருப்பதால், மட்டை கழிக்கும்போதும் கூரை பிரிக்கும்போதும் கண் திறவாத குட்டிகள் தரையில் விழுந்து அடிபடுவது அடிக்கடி நேர்கின்றது. அவ்வாறு தாயைப் பிரிந்த குட்டியைத் தேற்றி, வளர்த்து, மீண்டும் மரத்தில் விடும் பணியை மறுவாழ்வளித்தல் என்பர். குட்டியைக் கண்டதும் இரக்கம் எவருக்கும் பிறக்கும். அந்த இரக்கம் முதலில் செய்யத் துடிப்பவற்றைத் தள்ளிப்போடத் தெரிந்தவரே இக்கலையில் தேர்ந்தவர்.

தள்ளிப்போட வேண்டியவற்றுள் முதலாவது, குட்டியை வீட்டுக்குள் எடுத்துச் செல்வது. மனித வாடை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்ற நம்பிக்கை ஊரெங்கும் வேரூன்றியிருப்பினும் அது உண்மையன்று; தாய் அணில் குட்டியை வாயால் கவ்வி வேறொரு கூட்டுக்குக் கொண்டு செல்லும் இயல்புடையது. ஆகவே காயமின்றி உடல் வெதுவெதுப்பாக இருக்கும் குட்டியைத் துணி விரித்த சிறு கூடையில் இட்டு, விழுந்த மரத்திலேயே கட்டிவைத்து, பூனையும் காகமும் அணுகாதவாறு எட்ட நின்று பகலில் சில மணி நேரம் காத்திருப்பதே முறை. காயமுற்றதும், குளிர்ந்துபோனதும், எறும்பு மொய்த்ததும் இவ்விதிக்கு விலக்கு. அவற்றை உடனே எடுத்தாக வேண்டும்.

எடுத்தபின் பாலூட்ட விரைவதே பலரும் செய்வது. பல குட்டிகள் இறப்பதும் அதனாலேயே. மயிர் முளையாத குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் இல்லை; குளிர்ந்த உடலில் குடல் இயங்காது; இயங்காத குடலில் சேரும் பால் செரிக்காமல் கெட்டுப்போகும். எனவே காற்றுப்புகத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மென்துணி பரப்பி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தல் வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருப்பது இன்றியமையாதது. சூடு வந்தபின் நீர். கழுத்துத் தோலை மெல்லத் தூக்கி விட்டால் அது உடனே படியாமல் மடிந்தே நிற்குமாயின் உடலில் நீர் வற்றியுள்ளது என்று பொருள். வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். அப்போது சொட்டுச் சொட்டாக, வெதுவெதுப்பாகத் தரப்படும். பாலின் முறை அதன் பிறகே வரும்.

பாலிலும் தேர்வு உண்டு. பசும்பாலில் லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை ஏறத்தாழ 5 விழுக்காடும் கொழுப்பு 4 விழுக்காடு அளவும் இருக்க, அணிலினத்தின் பாலில் கொழுப்பும் புரதமும் மிகச் செறிந்திருப்பதால், பசும்பால் குட்டிக்குப் போதிய ஊட்டம் தராததுடன் வயிற்றுப்போக்கையும் உண்டாக்குகின்றது. நாய்க்குட்டிகளுக்கென விற்கப்படும் மாற்றுப் பால் தூளை அனுபவமுள்ளோர் விரும்புவது இதனாலேயே. ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 விழுக்காடு என்பது பொதுக் கணக்கு; 20 கிராம் குட்டிக்கு 1 மில்லிலிட்டர். ஊசி நீக்கிய சிறு சிரிஞ்சால், குட்டியை மல்லாத்தாமல் நிமிர்த்திப் பிடித்து, அது உறிஞ்சும் வேகத்துக்கேற்பத் தருதல் வேண்டும். மூக்கில் பால் குமிழியிட்டால் அது மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கலாம். நுரையீரல் அழற்சி எனும் நிமோனியா அங்கிருந்தே தொடங்குகின்றது. கண் திறவாத குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கித் தூண்டுவதை ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் வருடிச் செய்ய வேண்டும். பால் கொடுத்தும் வயிறு உப்பி இறந்துபோன குட்டிகள் பலவற்றுக்கு இந்த ஒரு செயல் மறக்கப்பட்டதே காரணம்.

காயங்களுள் மிகவும் ஏமாற்றுவது பூனைக்கடி. வெளியே ஊசிமுனை அளவே தெரியும் துளை வழியே, பூனையின் வாயில் வாழும் பாஸ்டுரெல்லா என்னும் நுண்ணுயிர் உள்ளே சென்று குருதியை நஞ்சாக்குவதால், கடிபட்ட குட்டிக்குக் கால்நடை மருத்துவரின் கிருமிக்கொல்லி மருந்து அன்றைக்கே தேவைப்படுகின்றது. மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பது உயிருக்கே உலை வைக்கும். குட்டி மனிதரைக் கடித்துவிட்டாலோ, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி மருத்துவரைக் காண்பதே தக்கது.

ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் கண் திறந்து, பின்னர் கொறிக்கத் தொடங்கும் பருவத்தில் வேறொரு தீங்கு நேர்கின்றது. வாழைப்பழமும் ரொட்டியும் நிலக்கடலையும் மட்டுமே உண்டு, வெயில் படாது வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குன்றி, எலும்பு வலுவிழந்து, பின்னங்கால்கள் துவண்டுவிடுகின்றன. கொய்யா, இளந்தளிர், பூமொட்டு, வேப்பம்பழம், சிறு பூச்சி என அது வெளியே உண்ணப்போவதையே இப்போதும் பழக்க வேண்டும். தனியே வளரும் குட்டி மனிதரையே தன் இனமாக எண்ணிவிடுவதால், இயன்றவரை மற்றொரு குட்டியுடன் சேர்த்து வளர்த்தலும் கையாளுதலைக் குறைத்தலும் நல்லது. தாயிடம் வளரும் குட்டி பால் மறப்பது ஏறத்தாழ 10 வாரத்தில். அதன் பின், மரங்களினூடே வைத்த கூண்டில் சில வாரம் பழகவிட்டு, மழையற்ற ஒரு காலையில் கதவைத் திறந்து, உணவையும் கூட்டுப் பெட்டியையும் அங்கேயே விட்டுவைப்பது மென்விடுவிப்பு எனப்படும். தோளில் ஏறி விளையாடும் அணிலைக் கண்டு மகிழ்வோர் உண்டு. ஆயின் மனிதரைக் கண்டு ஓடாத அணில் பூனையைக் கண்டும் ஓடாது என்பதால், இக்கலையின் அளவுகோலில் அது தோல்வியே.

மூவரி அணில் அருகிவரும் இனமன்று. ஒரு குட்டி பிழைப்பதால் இனம் காக்கப்பட்டது என்று கூறுவது மிகை. மனிதர் கை வெட்டிய மட்டையால் விழுந்த உயிருக்கு மனிதர் கையே ஈடு செய்கின்றது என்பதுதான் இப்பணியின் மதிப்பு; அம்மதிப்பு சிறிதன்று. அணில் குட்டியைக் கண்டெடுப்போர் அதனைச் சூடாக வைத்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையையோ, வனத்துறையையோ, சென்னையாயின் புளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்பையோ நாடலாம். அதற்கும் முன்னதாக, மட்டை கழிக்க ஆள் அழைக்கும் நாளில் நார்க்கூடு உள்ளதா என ஒருமுறை அண்ணாந்து பார்த்து, இருப்பின் அந்த மட்டையை மட்டுமேனும் குட்டிகள் வெளியேறும்வரை விட்டுவைக்க வேண்டும்.