சந்தேகம் வேறு, சினிக்கல் வேறு



‘சினிக்கல்’ என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஹாஸ்டலில் நாம் அதிகம் புழங்கிய சொல். “அவன் ரொம்ப சினிக்கல்டா” என்போம். அதில் கொஞ்சம் பாராட்டும் இருக்கும். விவரமானவன், ஏமாறாதவன் என்று அர்த்தம்.

இது கிரேக்கச் சொல். ‘நாயைப் போன்ற’ என்பது வேர்ப்பொருள். சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டயோஜினிஸ், பட்டப்பகலில் விளக்கேந்தி மனிதனைத் தேடினார் என்பார்கள். அவரும் அவர் வழி வந்தவர்களும் பொருளையும் புகழையும் துறந்தவர்கள். நம் சித்தர்களை நினைத்துக் கொள்ளுங்கள். இன்றைய சினிக்கல் எதையும் துறப்பதில்லை. “எல்லாம் கமிஷனுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார், அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் இருந்தேன். நம் பேராவூரணி, கல்லணைக் கால்வாயின் கடைமடை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தென்னையைச் சாய்த்தது. மறு ஆண்டு, ‘கைஃபா’ என்ற பெயரில் கடைமடை விவசாயிகளும் இளைஞர்களும் சேர்ந்து, 500 ஏக்கருக்கு மேற்பட்ட பெரியகுளத்தை மக்கள் நன்கொடையில் தூர்வார இறங்கினார்கள். அப்பா போன் பண்ணி, “நீயும் ஏதாச்சும் அனுப்பு தம்பி” என்றார். “நாலு நாள் போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்கப்பா” என்றேன்.

“கணக்குக் கேக்கணும்னா வந்து கேளு. நான் தெனம் கரையிலதான் நிக்கிறேன்” என்றார் அப்பா. நான் போகவில்லை, கேட்கவும் இல்லை.

பிறகு ஊருக்கு வந்தபோது குளத்தில் தண்ணீர் கிடந்தது. சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம். அதில் என் காசு ஒரு ரூபாய்கூட இல்லை.

பொறியாளர்கள் கான்கிரீட்டை எளிதில் நம்புவதில்லை. கியூப் போட்டு, 28-ஆம் நாள் நசுக்கிப் பார்க்கிறோம். தேறினால் ஒப்புக்கொள்கிறோம். அது சந்தேகம். அதனால்தான் கட்டடம் நிற்கிறது. சினிக்கல் கியூபே போடமாட்டார். “எப்படியும் விழும்” என்பார். சந்தேகப்படுகிறவர் பதிலுக்காகக் கேட்கிறார். சினிக்கலுக்குப் பதிலே தேவையில்லை. அப்பாவுக்கும் சந்தேகம் இருந்திருக்கும். அதனால்தானே தினமும் கரையில் போய் நின்றார்!

தம்பி தங்கைகளே, யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. கணக்குக் கேளுங்கள், அளந்து பாருங்கள். ஆனால் கரைக்குப் போய்க் கேளுங்கள். வீட்டில் உட்கார்ந்து சிரிப்பது புத்திசாலித்தனம் அல்ல, சோம்பல். இதை நான் தாமதமாகக் கற்றேன். நீங்கள் இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள்.