பிங்க் தாளும் மஞ்சள் தாளும்: ஒரு அசிஸ்டென்ட் கோச்சின் மே மாதம்

இந்த எபிசோடை பனமலையிலிருந்து பதிவு பண்றேன். நடுவுல மயில் கத்தினா பொறுத்துக்கங்க, எடிட்ல எல்லாத்தையும் எடுக்க முடியாது. பனமலை எங்க இருக்குன்னு கேக்குறவங்களுக்கு: செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில, மெயின் ரோட்டை விட்டு உள்ள தள்ளி. ஒரு ஏரி, ஒரு சின்ன மலை, மலை மேல ராஜசிம்ம பல்லவன் கட்டின தாளகிரீஸ்வரர் கோயில். நான் வளர்ந்த ஊர்.

சென்னையில ஒரு தனியார் கல்லூரியில கூடைப்பந்து அசிஸ்டென்ட் கோச்சா இருக்கேன். அப்போ மே மாசம் ஊர்ல என்ன பண்றேன்? ஏப்ரல் 30-ஓட என் காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு. அடுத்தது ஜூன் 1-ல ஆரம்பிக்கும். நடுவுல இருக்கிற 31 நாள் நான் யாருக்கும் ஊழியன் கிடையாது. ஆறு வருஷமா இப்படித்தான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. எங்க தொழில்ல வேலை அதிகம் இருக்கிற மாசமே மேதான். பிளஸ் டூ ரிசல்ட் வர்ற நேரம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு செலக்ஷன் வைக்கிற நேரம். எந்த ஊர்ல ஆறடி நாலு அங்குலத்துல ஒரு பையன் இருக்கான், அவன் வேற காலேஜுக்கு வாக்கு குடுத்துட்டானா, அவங்கப்பா ஃபீஸ் இல்லன்னா சம்மதிப்பாரா, ஹாஸ்டல் ஃப்ரீயான்னு கேப்பாரா, இதெல்லாம் இந்த மாசம் பேசி முடிக்கணும். நான்தான் பேசுறேன். போன் பில் என்னுது, பஸ் டிக்கெட்டும் என்னுது. காண்ட்ராக்ட் மட்டும் இல்ல.

இந்த எபிசோடுக்கு ஒரு காரணம் இருக்கு. லீவுல வர்றப்பெல்லாம் ஞாயித்துக்கிழமை செஞ்சியில ஒரு கிரவுண்டுல பசங்களுக்கு சொல்லித் தருவேன். அங்க விளையாடி, அப்புறம் காலேஜ் டீம் வரைக்கும் போன ஒரு பொண்ணு போன வாரம் அவங்க அம்மாவோட வந்துச்சு. டிகிரி முடிச்சிருச்சு. "அண்ணா, நானும் கோச் ஆகலாம்னு இருக்கேன். பாட்டியாலா போய் என்.ஐ.எஸ். டிப்ளமோ பண்ணட்டுமா?"ன்னு கேட்டுச்சு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவங்க அம்மா கேட்டாங்க: "மாசம் எவ்ளோ வரும் தம்பி?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. 18,000ன்னு சொல்லலாம். அது உண்மைதான். சேர்ந்தப்போ 12,000. ஆனா 18,000-ஐ 11 மாசத்தால பெருக்கி 12-ஆல வகுத்தா 16,500. டோர்னமென்ட் போறப்போ கைக்காசு போடுறது தனி. அந்த அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேணாம். அவங்க கேட்டது "இது ஒரு வேலையா, இல்லையா?"

கணக்கை கொஞ்சம் அகலமா பாப்போம். நம்ம காலேஜ்கள்ல தலைமைக் கோச்னு பெரும்பாலும் இருக்கிறவர் உடற்கல்வி இயக்குநர், பசங்க வாயில 'பி.டி.' அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள்ல அந்தப் பதவிக்கு யு.ஜி.சி. ஊதிய விகிதம் உண்டு. உதவிப் பேராசிரியர் மாதிரியே 57,700 அடிப்படைச் சம்பளத்துல ஆரம்பிக்கும். அவருக்குக் கீழ, கூடைப்பந்துக்கு ஒருத்தர், வாலிபாலுக்கு ஒருத்தர்னு காலையில 5:30-க்கு கிரவுண்டுல நிக்கிறவங்களுக்கு அப்படி ஒரு பதவியே எந்தப் பட்டியல்லயும் கிடையாது. பதவி இல்லைன்னா விகிதம் இல்லை. விகிதம் இல்லைன்னா நிர்வாகம் சொல்றதுதான் சம்பளம்.

அரசாங்கம் மட்டும் என்ன வாழுதாம்னு கேட்டீங்கன்னா, அதுவும் நியாயமான கேள்விதான். 2012-ல தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்ல உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்குன்னு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தாங்க. வாரத்துக்கு மூணு அரை நாள். மாசம் 5,000 ரூபாய். படிப்படியா ஏறி 2021-ல 10,000, 2024-ல 12,500. மே மாசத்துக்கு சம்பளம் இல்லாமயே வருஷக்கணக்கா ஓடுச்சு. அவங்க போராட்டம் டி.வி.யில வர்றப்போ பார்த்திருப்பீங்க. அரசுக் கலைக் கல்லூரி கௌரவ விரிவுரையாளர்களுக்கு 25,000, அதுவும் 11 மாசம். கேலோ இந்தியா மாவட்ட மையங்கள்ல முன்னாள் வீரர்களை பயிற்றுநரா எடுத்தப்பவும் மாசம் 25,000தான். தமிழ்நாட்டுல விளையாட்டு சொல்லித் தர்றவங்க சம்பளம் இந்த 12,000-க்கும் 25,000-க்கும் நடுவுலதான் சுத்திக்கிட்டு இருக்கு.

விளையாடுறவங்களுக்கு இப்படி இல்ல, அதை மறக்கக் கூடாது. சதர்ன் ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கிகள், போலீஸ்னு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை இருக்கு. இந்திய அணி கேப்டனா இருந்து 2021-ல பத்மஸ்ரீ வாங்கின அனிதா பால்துரை ரயில்வேக்காரங்கதான். நல்லா விளையாடினா வேலை கிடைக்கும். நல்லா விளையாட வெச்சா என்ன கிடைக்கும்னுதான் தெரியல.

சரி, அந்த 11 மாசம் எங்கிருந்து வந்துச்சு? 11 மாசம் வெச்சா பர்மனென்ட் கேக்க முடியாதுன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்வாங்க. நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். ஒரு வக்கீல் நண்பர்தான் உட்கார வெச்சு விளக்கினார். 1947 தொழில் தகராறு சட்டத்துல 'தொடர்ச்சியான பணி'க்கு சொன்ன கணக்கு 240 நாள். 11 மாசம் அதைத் தாண்டிரும். ஆனா 1984-ல ஒரு திருத்தம் வந்துச்சு. காண்ட்ராக்ட் காலம் முடிஞ்சு, புதுப்பிக்காம விட்டா அது ஆட்குறைப்பு ஆகாது. அதுக்கும் மேல, 1988-ல கோவா பள்ளி ஆசிரியை ஒருத்தர் வழக்குல, ஆசிரியர்கள் அந்தச் சட்டப்படி 'தொழிலாளி'யே இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. கோச் ஆசிரியரா தொழிலாளியான்னு நான் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டுலயும் எனக்கு லாபம் இல்ல.

2025 நவம்பர் 21-ல இருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கு. குறிப்பிட்ட கால ஊழியருக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி உண்டுங்கிறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா என் காகிதம் 11 மாசம் ஆச்சே! அந்தப் பன்னிரண்டாவது மாசத்துக்கு இனிமே இன்னும் கிராக்கி ஆகும்னு எனக்கு ஒரு பயம்.

இங்க எங்க ஊர்க் கதை ஒண்ணு. மலைக்கோயில் சுவர்ல ஒரு பல்லவர் கால ஓவியம் இருக்கு. குடை நிழல்ல, ஒரு காலை மடக்கி நிக்கிற பார்வதி. பாதி அழிஞ்சு போச்சு, மீதியே போதும். சின்ன வயசுல எனக்கு உமாதேவின்னா அந்த முகம்தான். அப்புறம் வக்கீல் நண்பர் "உன் பிரச்சினையே உமாதேவிப்பா"ன்னாரு. முழிச்சேன். 2006-ல வந்த கர்நாடக அரசு எதிர் உமாதேவி தீர்ப்பாம். முறைப்படி தேர்வு இல்லாம தற்காலிகமா சேர்ந்தவங்க, எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் நிரந்தரம் ஆக்குன்னு உரிமையா கேக்க முடியாது. அதுலயிருந்து மலை ஏறி அந்த முகத்தைப் பாக்குறப்போ கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. [சிரிப்பு]

நல்ல தீர்ப்புகளும் இருக்கு. தற்காலிக ஊழியரா இருந்தாலும் சம வேலைக்கு சம ஊதியம்னு 2016-ல பஞ்சாப் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2025 ஆகஸ்ட்ல குஜராத் வழக்கு: அரசு கல்லூரிகள்ல காண்ட்ராக்ட் உதவிப் பேராசிரியர்களுக்கு மாசம் 30,000, பக்கத்து நாற்காலியில அதே வேலை பாக்குறவருக்கு லட்சத்துக்கு மேல. மேடையில 'குரு பிரம்மா'ன்னு சொல்லிட்டு ஆசிரியரை இப்படி நடத்தினா என்ன அர்த்தம்னு நீதிபதிகள் கேட்டாங்க. ஆனா இதெல்லாம் அரசாங்கம் முதலாளியா இருக்கிற இடம். சுயநிதிக் கல்லூரி கேட்டுக்குள்ள இந்தக் காத்து அவ்வளவு சுலபமா வீசாது.

அமெரிக்காவுல ஒரு தடவை வீசுச்சு. அதைச் சொல்லியே ஆகணும், ஏன்னா அது அச்சு அசல் எங்க ஆளுங்க கதை. அங்க கல்லூரி விளையாட்டை நடத்துற அமைப்பு என்.சி.ஏ.ஏ. செலவைக் குறைக்கணும்னு 1991-ல ஒரு விதி போட்டாங்க. முதல் டிவிஷன் கூடைப்பந்து டீம்ல தலைமைக் கோச், ரெண்டு அசிஸ்டென்ட், நாலாவதா ஒரு 'வருமானம் வரையறுக்கப்பட்ட' கோச். இந்த நாலாவது ஆளுக்கு கல்வியாண்டுக்கு 12,000 டாலர், கோடைக்கு 4,000. ஆக 16,000-க்கு மேல யாரும் தரக் கூடாது. அதுக்கு முன்னாடி இதே வேலைக்கு 60,000, 70,000 வாங்கினவங்க இருந்தாங்க. இளைஞர்கள் தொழில் கத்துக்கிற இடம் இதுன்னு காரணம் வேற சொன்னாங்க. விதியில அப்படி எதுவும் இல்ல, அனுபவசாலிகளும் அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க.

மிசௌரி பல்கலைக்கழகத்தோட கான்சாஸ் சிட்டி வளாகத்துல கோச்சா இருந்த நார்மன் லா உட்பட அஞ்சு பேர் வழக்குப் போட்டாங்க. அவங்க "சம்பளம் பத்தல"ன்னு கேக்கல. ஆள் எடுக்கிற கல்லூரிகள் எல்லாம் கூடிப் பேசி ஒரு விலையை நிர்ணயிச்சிருக்கு, இது போட்டிச் சட்டத்துக்கு விரோதம்னு கேட்டாங்க. 1995-ல ஜெயிச்சாங்க. 1998 ஜனவரியில மேல்முறையீட்டுலயும் நின்னுச்சு. அதே வருஷம் மே மாசம் நஷ்டஈடு கிட்டத்தட்ட 6 கோடியே 70 லட்சம் டாலர்னு கணக்காச்சு. கடைசியில 1999-ல 5 கோடியே 45 லட்சம் டாலருக்கு சமரசம். மே மாசத்துல நல்ல செய்தி வந்த கோச்சுகள் அவங்க மட்டும்தான்னு நினைக்கிறேன்.

அந்தக் கதையில என்னைத் தொட்டது டாலர் இல்ல. அந்த அநியாய விதியிலகூட கோடைக்குன்னு ஒரு தொகை எழுதியிருந்துச்சு. அந்த ஆளுக்கு ஒரு பேர் இருந்துச்சு, 'கோச்'. எதை எதிர்த்துப் போராடணும்னு அவங்களுக்கு ஒரு காகிதம் இருந்துச்சு. இங்க விதி எழுத வேண்டிய அவசியமே இல்ல. நான் வேணாம்னா 15,000-க்கு வர நாலு பேர் இருக்காங்க.

என் காகிதத்துல என்ன இருக்கு தெரியுமா? 'ஸ்போர்ட்ஸ் அசிஸ்டென்ட், பகுதி நேரம்'. கோச்ங்கிற வார்த்தையே கிடையாது. முதல் நாலு வருஷம் நான் இதைக் கண்டுக்கவே இல்ல. பேர்ல என்ன இருக்குன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு பயிற்றுநர் வேலைக்கு விண்ணப்பிச்சேன். இன்னும் நல்ல சம்பளம், விழுப்புரம் பக்கம், அம்மா கூடவே இருந்திருக்கலாம். அனுபவச் சான்றிதழ் கேட்டாங்க. காலேஜ் குடுத்த சான்றிதழ்ல 'ஸ்போர்ட்ஸ் அசிஸ்டென்ட்'. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தன்மையாத்தான் சொன்னார்: "இது பந்து எடுத்துப் போடுற வேலை தம்பி. இதை பயிற்சி அனுபவமா எடுத்துக்க முடியாது."

வெளிய வந்து டீக்கடையில ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் கோச்னு எழுதியிருக்கிற காகிதம் ஒண்ணே ஒண்ணுதான், ஸ்கோர்ஷீட். கூடைப்பந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், ஃபிபா ஸ்கோர்ஷீட்ல வீரர்கள் பேருக்குக் கீழ ரெண்டு வரி இருக்கும்: தலைமைக் கோச், முதல் அசிஸ்டென்ட் கோச். (ஃபிபா கூடைப்பந்து, ஃபிஃபா கால்பந்து. மெசேஜ்ல திருத்த வராதீங்க.) மேட்ச் நடக்கிறப்போ ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் ஒரு நேரத்துல நிக்கலாம்ங்கிறதும் விதி. எங்க பி.டி. சார் பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருப்பார், நல்ல மனுஷன். அதனால நான் நிப்பேன். மேட்ச் முடிஞ்சதும் ஷீட்டோட நகல் டீமுக்கு வரும். ஜெயிச்சா பிங்க், தோத்தா மஞ்சள். ஆறு வருஷத் தாள் எல்லாம் இங்க அம்மாவோட டிரங்குப் பெட்டியில இருக்கு. இந்த வாரம் எடுத்து அடுக்கினேன். மஞ்சள்தான் அதிகம்னு நினைச்சேன், இல்ல. எல்லாத்துலயும் அந்த ரெண்டாவது வரியில என் பேர்.

அந்தப் பொண்ணுக்கு போகாதன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அது கிரவுண்டுல நின்னு சின்னப் பசங்களுக்கு சொல்லித் தர்றதைப் பார்த்தா நீங்களும் சொல்ல மாட்டீங்க. டிப்ளமோ பண்ணும்மான்னேன். ஆனா முதல் வேலையில சம்பளத்தைப் பேசுறதுக்கு முன்னாடி ஆர்டர்ல பதவி என்னன்னு பாரு, 'கோச்'னு இல்லைன்னா கையெழுத்துப் போடாதன்னேன். பி.எஃப். பிடிக்கிறாங்களான்னு கேளு, மே மாசத்தைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாருன்னேன். அவங்க அம்மாகிட்ட 16,500ன்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல. "சாப்ட்டியா தம்பி?"ன்னு மட்டும் கேட்டாங்க.

ஊருக்கு உபதேசம் பண்ணியாச்சு, நான் என்ன பண்ணினேன்? போன வாரம் ஆபீஸ்ல புது ஆர்டர் நகலை மெயில்ல அனுப்பியிருந்தாங்க. 18,500. 'ஸ்போர்ட்ஸ் அசிஸ்டென்ட், பகுதி நேரம்'. பதில் எழுதினேன். தொகையைப் பத்தி ஒரு வார்த்தைகூட கேக்கல. 'அசிஸ்டென்ட் கோச், கூடைப்பந்து'ன்னு மாத்திக் குடுங்க, இதுவரைக்குமான ஆறு வருஷத்துக்கும் அதே பேர்ல ஒரு சான்றிதழ் குடுங்கன்னு கேட்டேன். பதினோரு ஸ்கோர்ஷீட்டை ஸ்கேன் பண்ணி இணைச்சேன், செஞ்சியில ஒரு ஜெராக்ஸ் கடையில. கடைக்காரர் "எல்லாம் பிங்க்கா இருக்கே, கல்யாணப் பத்திரிகையா?"ன்னாரு.

ஆபீஸ்ல இருந்து ஒரு வரி பதில் வந்துச்சு: 'நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்படும். ஜூன் 1 காலை நேரில் வரவும்.' மாத்தலைன்னா கையெழுத்துப் போட மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அம்மா அதை நம்புறாங்களான்னு தெரியல. ரெண்டு பசங்களுக்கு இந்த வருஷம் சீட் வாங்கித் தர்றேன்னு நானே வாக்கு குடுத்திருக்கேன். நான் போகலைன்னா அவங்க கதி என்ன ஆகும்னு ஒரு பக்கம் ஓடிக்கிட்டே இருக்கு.

ஜூன் 1 திங்கட்கிழமை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்புறேன். பிங்க் தாள் எல்லாத்தையும் பையில எடுத்து வெச்சாச்சு. மஞ்சளையும்தான்.