பாம்பன் பாலமும் ஒரு பொறியாளரும்



எங்கள் நாமகிரிப்பேட்டையில் புகைவண்டி நிலையம் கிடையாது. இராசிபுரத்திற்கோ சேலத்திற்கோ சென்றுதான் வண்டி ஏற வேண்டும். இராசிபுரம் வழியாகப் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியதும் 2013-ஆம் ஆண்டில்தான். ஆகவே இருப்புப்பாதையின் அருமை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்கு விளங்கும். அவர்களுக்கு நான் வகுப்பில் எடுத்துரைத்து வந்த ஒரு வரலாற்றை இன்று தங்களுக்குக் கூற விழைகின்றேன்.

ஈ. ஸ்ரீதரன் 1932-இல் பாலக்காட்டுப் பக்கம் பிறந்தவர். அப்பகுதி அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. காக்கிநாடாவில் பொறியியல் பயின்று, கோழிக்கோட்டில் சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தார். பின்னர்த் தென்னக ரயில்வேயில் பணி ஏற்றார்.

1964 டிசம்பர் 22 இரவு பெரும்புயல் வீசியது. தனுஷ்கோடி அழிந்தது. அங்குச் சென்ற புகைவண்டியொன்று பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இரும்பு உத்தரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூண்கள் நின்றன, கப்பல்களுக்கு வழிவிடும் நடுப்பகுதியும் தப்பியது. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. எனவே இராமேசுவரத் தீவுக்கு அன்று நிலத்தோடிருந்த ஒரே தொடர்பு அறுந்து போயிற்று.

சீரமைக்க ஆறு மாதம் என்று ரயில்வே கணக்கிட்டது. மேலதிகாரியோ மூன்றே மாதம் தந்தார். பொறுப்பு, முப்பத்திரண்டு வயதுடைய ஸ்ரீதரனிடம் வந்தது. புதிய உத்தரங்களைத் தொலைவிலிருந்து வரவழைத்தால் காலம் போதாது. அந்நிலையில், விழுந்த உத்தரங்கள் கடலடியில் கிடப்பதாக மீனவர் வாயிலாகத் தெரிய வந்தது. அவற்றையே மீட்டெடுத்து மீண்டும் தூண்கள்மேல் ஏற்றுவித்தார். நாற்பத்தாறு நாளில் வேலை முடிந்தது!

இதில் மாணவர் கருதத்தக்கது யாது? விரைவு மட்டுமன்று. பட்டம் பெற்ற பொறியாளர், கடலை நாள்தோறும் காணும் மீனவரின் சொல்லுக்குச் செவி கொடுத்தார். கையிலுள்ளது எது, இழந்ததில் மீளத்தக்கது எது என்று முதலில் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியே நாள்களை மிச்சப்படுத்தியது.

பிற்காலத்தில் அவர் தலைமையில் கொங்கண் ரயில்வே அமைந்து, 1998-இல் முழுப்பாதையும் திறக்கப்பட்டது. 2002-இல் தில்லி மெட்ரோவும் ஓடத் தொடங்கியது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலம் ஓய்வு பெற்றாலும், அந்த நாற்பத்தாறு நாள்கள் பொறியியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு என்றும் பாடமாக இருக்கும்.